எங்கள் வீட்டுக்கு அளவான ஜெனரேற்றர்

சென்ற மாதம் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டு நின்றபோது, அயல்வீட்டுச் சகோதரி என்னை வேலிக்கரைக்குக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஜெனரேற்றர் ஒண்டு எடுக்கப்போறன். கடைக்காரர் அஞ்சு கிலோவாற் எடுங்கோ, பிறகு ஒரு கரைச்சலும் இல்லையெண்டு சொல்லுறார். தவணைக்கும் தருவினமாம். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

அவளுடைய வீட்டில் என்னென்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நாலு பல்ப், ஒரு மின்விசிறி, ஒரு சின்ன பிரிட்ஜ், மோட்டர் பூட்டிய தையல் மெசின். அவ்வளவுதான். 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின்போது பிள்ளைகளோடு இருட்டில் இருந்த நாட்கள்தான் அவளுக்கு இந்த யோசனையைக் கொடுத்திருக்கின்றன. அவளுடைய பயம் நியாயமானது. ஆனால் அஞ்சு கிலோவாற் அவளுக்குத் தேவையில்லை. அந்தத் தவணைக் காசை அவள் எந்தத் தையலில் உழைத்துக் கட்டுவாள்?

“ஒரு கிழமை பொறு. ஒப்பம் ஒண்டும் வைச்சிடாதை” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவளுக்குச் சொல்லவேண்டியதை எழுதினால் மற்றச் சகோதரிகளுக்கும் உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். நான் மின்சாரம் படித்தவள் அல்ல. சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய வயதில், 1995 ஒக்டோபரில், வலிகாமத்திலிருந்து சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்களில் ஒருத்தி. இந்த விடயத்தில் எனக்குள்ள ஒரே தகுதி, பிழையான அளவில் ஒரு ஜெனரேற்றரை வாங்கி நட்டப்பட்டதுதான்.

எங்கள் வயதுப் பெண்களுக்கு மின்சாரம் இல்லாத வாழ்க்கை புதியது அல்ல. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த லக்சபான மின்சாரம் நின்றது. தேசிய மின்கட்டமைப்போடு குடாநாடு மறுபடி இணைந்தது 2013இல். இடையில் ஒரு தலைமுறையே ஜாம் போத்தல் விளக்கில் படித்து முடித்துவிட்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். எப்போதாவது ஒரு வீட்டில் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குப் பிடித்து விடிய விடியப் படம் போட்டால் ஊரே முற்றத்தில் கூடும். அந்த ஜெனரேற்றரின் அளவு பற்றி நாங்கள் யாரும் யோசித்ததில்லை. மெசின்களைப் பார்ப்பது ஆண்களின் வேலையாக இருந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பியூஸ் போடுவது முதல் தண்ணீர் மெசினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவது வரை எல்லாவற்றையும் என் கணவரே பார்த்தார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. 2010இல் செட்டிகுளம் முகாமிலிருந்து மாமியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் காணிக்குத் திரும்பியபோது, ஒரு குறட்டைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவளாக இருந்தேன். வீட்டுக்குக் கரண்ட் வந்த பிறகு தையலோடு கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றையும் வாங்கினேன். நூறு முட்டை அடுக்கலாம். ஊரில் குஞ்சுகளுக்கு நல்ல கிராக்கி இருந்தது.

குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், 21 நாளும் முட்டைகள் 37.5 பாகை வெப்பத்தில் இருக்கவேண்டும். கொஞ்ச நேரம் கரண்ட் நின்றால் பெட்டியைத் திறக்காமல் சாக்கால் மூடிக் காப்பாற்றலாம். இரவு முழுக்க நின்றால் உள்ளே இருக்கும் கரு குளிர்ந்து செத்துவிடும். ஆகவே 2018இல் என் ஒரு சோடிக் காப்பை விற்று, ஒரு சின்ன ஜெனரேற்றர் வாங்கினேன். பெட்டியில் 950 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அது அந்த மெசினின் மாதிரி இலக்கம் என்பதும், அது தொடர்ந்து தரக்கூடியது 650 வாற்ஸ்தான் என்று பக்கத்தில் ஒட்டிய தகட்டில் பொடி எழுத்தில் இருந்ததும் பிறகுதான் என் கண்ணில் பட்டது. அது முதலாவது பாடம். பெட்டியில் உள்ள இலக்கத்தையோ, ‘மக்சிமம்’ என்ற அளவையோ நம்பவேண்டாம். மக்சிமம் என்பது மெசின் சில நிமிடங்களுக்கு மூச்சுப் பிடித்துத் தரக்கூடிய அளவு. ‘றேற்றட்’ என்ற அளவுதான் மணிக்கணக்காகத் தரக்கூடியது. அதைக் கேட்டு வாங்குங்கள். சில மெசின்களில் வாற்ஸுக்குப் பதிலாக கே.வி.ஏ. என்று போட்டிருப்பார்கள். வீட்டு மெசின்களில் அதைப் பெரும்பாலும் 0.8ஆல் பெருக்கினால் கிலோவாற் வரும். 2 கே.வி.ஏ. என்றால் 1.6 கிலோவாற்.

அந்தச் சின்ன மெசின் இரண்டு வருடம் நன்றாகத்தான் உழைத்தது. பல்புகள், விசிறி, முட்டைப் பெட்டி எல்லாவற்றையும் தாங்கியது. பிறகு தயிரும் ஐஸ் பக்கற்றும் விற்கலாம் என்று ஒரு பிரிட்ஜ் எடுத்தேன். 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் வந்தபோது கரண்ட் நின்றது. பெட்டிக்குள் 96 முட்டைகள், பதினெட்டாம் நாள். பிரிட்ஜுக்குள் அடுத்த நாள் விற்கவேண்டிய தயிர்ச் சட்டிகள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு செருகவில்லை. கணக்குப் பார்த்துத்தான் செருகினேன். நாலு பல்புக்கு 36 வாற்ஸ், விசிறிக்கு 70, முட்டைப் பெட்டிக்கு 100, பிரிட்ஜுக்கு 150. கூட்டினால் 356. மெசின் தருவது 650. கிட்டத்தட்ட அரைவாசி மிச்சம் இருக்கிறதே என்று நினைத்து பிரிட்ஜின் பிளக்கைப் போட்டேன். மெசின் ஒருமுறை அடித்தொண்டையில் உறுமியது. பல்புகள் மங்கி மின்மினிப் பூச்சி போல ஆகின. பிரிட்ஜ் உள்ளே ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே நின்றது, ஓடவில்லை. இழுத்துப் பிடித்துவிடும் என்று நான் காத்திருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. கொஞ்ச நேரத்தில் கருகிய மணம் வந்தது, ஜெனரேற்றரும் நின்றுபோனது. பிறகு எத்தனை தரம் கயிற்றை இழுத்தும் அது எழும்பவில்லை. மகளும் நானும் முட்டைப் பெட்டிக்கு மேல் போர்வையும் சாக்கும் போட்டு, சுடுநீர்ப் போத்தல் வைத்து விடியும்வரை இருந்தோம். அடுத்த நாளும் கரண்ட் வரவில்லை. 96 முட்டையில் நாலு பொரித்தது. அதில் இரண்டு நடக்கமுடியாத குஞ்சுகள்.

பிரிட்ஜையும் ஜெனரேற்றரையும் லான்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு மோட்டர் வைண்டிங் செய்யும் அண்ணையிடம் போனேன். விற்றவனைத் திட்டிக்கொண்டுதான் போனேன். அவர் பிரிட்ஜின் கொம்பிரசரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தங்கச்சி, மெசினைப் பிழை சொல்லாதேங்கோ. அது தன்ரை பலத்துக்கு ஓடியிருக்கு. நீங்கள் இடம்பெயரேக்கை மூட்டை கட்டின சைக்கிள் உருட்டியிருப்பியள்தானே? முதல் தள்ளுத் தள்ள எவ்வளவு மூச்சுப் பிடிக்கவேணும்? உருளத் தொடங்கினால் பிறகு ஒரு கை போதும். மோட்டர் உள்ள சாமான் எல்லாம் அப்பிடித்தான். நீங்கள் உருளேக்கை வாற பாரத்தைக் கணக்குப் பார்த்திருக்கிறியள். முதல் தள்ளைக் கணக்குப் பார்க்கேல்லை.”

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயம்தான் உங்கள் மனதில் நிற்கவேண்டும் என்றால், அது அவர் சொன்ன இந்த முதல் தள்ளுத்தான். பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர், மா அரைக்கும் மெசின் போன்றவை ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல மூன்று முதல் ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தக் கணத்தில் அவ்வளவையும் கொடுக்க ஜெனரேற்றரால் முடியாவிட்டால் வோல்ற் விழுந்துவிடும். மோட்டர் சுழலவும் முடியாமல், மின்சாரத்தை விடவும் முடியாமல் சூடாகி உள்ளே கம்பி கருகும். பிரிட்ஜ் முனகிக்கொண்டு நின்றால் காத்திருக்காமல் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். நான் அதைச் செய்திருந்தால் பிரிட்ஜாவது மிஞ்சியிருக்கும்.

பல்ப், இஸ்திரிப்பெட்டி, றைஸ் குக்கர், கேத்தில் போன்ற மோட்டர் இல்லாதவற்றுக்கு இந்த முதல் தள்ளு இல்லை. ஆனால் சூடாக்கும் சாமான்கள் ஓடும்போதே அதிகம் தின்பவை. இஸ்திரிப்பெட்டி 1000 வாற்ஸ், கேத்தில் 1500 முதல் 2000 வரை. கரண்ட் இல்லாத நாளில் தேநீருக்கு அடுப்பு இருக்கிறது. கேத்திலுக்காக ஜெனரேற்றரின் அளவைக் கூட்டுவது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம்.

அண்ணை எனக்கு ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இப்போதும் சாமியறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதலில், ஒரே நேரத்தில் ஓடவேண்டிய சாமான்களை மட்டும் எழுதவேண்டும். வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அல்ல. கரண்ட் நின்ற இரவில் எது நின்றுபோனால் உங்களுக்கு நட்டமோ, ஆபத்தோ, அதை மட்டும். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் உள்ள தகட்டில் வாற்ஸ் இருக்கும். வாற்ஸ் இல்லாமல் அம்பியர் மட்டும் இருந்தால், அதை எங்கள் நாட்டு வோல்ற்றான 230ஆல் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, அவற்றில் எந்த மோட்டர் பெரியதோ அதன் முதல் தள்ளுக்கு வேண்டிய மேலதிக அளவை ஒருமுறை மட்டும் சேர்க்கவேண்டும். எல்லா மோட்டரும் ஒரே கணத்தில் தொடங்குவதில்லை. நாங்கள் ஒவ்வொன்றாகப் போடலாம். கடைசியாக, வந்த தொகையில் கால்பங்கைச் சேர்க்கவேண்டும். மெசின் எப்போதும் மூச்சிரைக்க ஓடக்கூடாது அல்லவா?

என் வீட்டுக் கணக்கு 356. பிரிட்ஜ் ஓடும்போது 150, தொடங்கும்போது ஐந்து மடங்கு என்று வைத்தால் 750. அதாவது மேலதிகமாக 600. இரண்டையும் கூட்ட 956. அதன் கால்பங்கு 239. மொத்தம் 1195. சந்தையில் அதற்கு அடுத்ததாகக் கிடைக்கும் அளவு ஒன்றரைக் கிலோவாற். இரண்டு வருடம் முன்னால் யாராவது இந்தக் கணக்கை எனக்குச் சொல்லியிருந்தால் என் காப்பு ஒழுங்கான மெசினாக மாறியிருக்கும்.

தண்ணீர் மோட்டரைப் பற்றி அவரோடு வாக்குவாதப்பட்டேன். என்னுடையது அரைக் குதிரைவலு. ஓடும்போது சுமார் 550 வாற்ஸ், தொடங்கும்போது குறைந்தது 1650. அதைத் தனியாக ஓட்டினாலும் இரண்டு கிலோவாற்றுக்கு மேற்பட்ட மெசின் வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் முக்கியம், ஆகவே பெரிதாகவே எடுப்போம் என்று நான் சொன்னேன். “கிணத்திலை கப்பி கிடக்குதோ?” என்று கேட்டார். கிடக்கிறது. “மேலை தண்ணித் தாங்கி?” அதுவும் இருக்கிறது, ஐந்நூறு லீற்றர். “அப்ப மழை இருட்டேக்கை தாங்கியை நிரப்பி வையுங்கோ. அதுக்கு மேலை வேணுமெண்டால் கப்பியிலை அள்ளுங்கோ. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கோ.” அவருக்கு அது வியாபாரத்தில் நட்டம்தான். ஆனாலும் சொன்னார். கிணறு ஆழமானவர்களும், கப்பியில் அள்ளமுடியாத உடல்நிலை உள்ளவர்களும் இந்த இடத்தில் வேறுவிதமாக முடிவெடுக்கவேண்டும். அது அவரவர் வீட்டைப் பொறுத்தது.

மருந்து, வைத்தியம் சம்பந்தமானவற்றை எழுதும்போது கவனமாக யோசியுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆவி கொடுக்கும் நெபுலைசர் மெசின் அநேகமாக 200 வாற்ஸுக்கு உட்பட்டது. அதைக் கட்டாயம் பட்டியலில் சேர்க்கவேண்டும். மாமிக்குச் சலரோகம். இன்சுலினுக்காகப் பிரிட்ஜ் இரவு பகலாக ஓடவேண்டும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பாவித்துக்கொண்டிருக்கும் குப்பியை 30 பாகைக்கு மேற்படாத குளிர்மையான இடத்தில் சுமார் நாலு கிழமை வெளியே வைத்திருக்கலாம் என்று கிளினிக்கில் விளங்கப்படுத்தினார்கள். ஈர மணலுக்குள் வைத்த மண்முட்டிக்குள், பொலித்தீனில் சுற்றி வைக்கிறோம். திறக்காத குப்பிகள்தான் பிரிட்ஜில் இருக்கவேண்டும். எல்லா இன்சுலினும் ஒரேமாதிரியானவை அல்ல. ஆகவே உங்கள் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிதாக எடுத்தால் என்ன குறை என்று கேட்பீர்கள். எங்கள் ஒழுங்கையில் வெளிநாட்டிலிருந்து காசு வந்து ஒருவர் அஞ்சு கிலோவாற் மெசின் எடுத்தார். எங்களைப்போலவே ஐந்தாறு பல்பும் பிரிட்ஜும் விசிறியும்தான் அங்கேயும். அது மணிக்கு ஒன்றரை லீற்றர் பெற்றோல் குடித்தது. என்னுடையது முக்கால் லீற்றர். பஸ் ஒன்றைப் பிடித்து ஒரு ஆளைச் சந்தைக்கு அனுப்பியதைப்போலத்தான். 2022இல் இந்த வித்தியாசம் என்னவென்று எல்லோருக்கும் விளங்கியது. அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசை. கலன்களில் பெற்றோல் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். பெரிய ஜெனரேற்றர் வாங்கிய வீடுகளில் அவை சாக்குப் போர்த்தியபடி நின்றன. வரிசையில் நின்று மகன் மோட்டார் சைக்கிளில் அடித்துவந்த பெற்றோலில் கொஞ்சத்தை இறக்கி, நான் காலையில் இரண்டு மணித்தியாலமும் மாலையில் இரண்டு மணித்தியாலமும் ஓட்டினேன். மூடிய பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் குளிர் விடாது. திறக்காத, நிறைந்த ஃபிரீசர் இரண்டு நாள்வரை தாங்கும். பிரிட்ஜ் இரவு முழுவதும் ஓடவேண்டியதில்லை என்பதை எங்களுக்குப் பெற்றோல் வரிசை படிப்பித்தது. மண்ணெண்ணெயில் ஓட்டலாம் என்று இருந்தவர்களுக்கும் ஆறுதல் இல்லை. 2022 ஓகஸ்ற்றில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானது.

ஆனால் முட்டைப் பெட்டிக்கு இரண்டு மணித்தியாலக் கணக்குச் சரிவராது. அதற்காகத்தான் ஒரு பற்றரியும் இன்வேட்டரும் சேர்த்தேன். 12 வோல்ற், 100 அம்பியர் மணி பற்றரியின் கணக்கு 1200 என்று வந்தாலும், அசிட் பற்றரியை அரைவாசிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே பாவிக்கக்கூடியது 600தான். முட்டைப் பெட்டி சூடேறியதும் நின்று, குளிர்ந்ததும் மறுபடி ஓடுவதால், ஒரு இரவுக்கு அது தாராளம். ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில் பற்றரியும் ஏறிக்கொள்ளும். சார்ஜருக்கு 150 வாற்ஸ் சேர்த்துப் பார்த்தேன். 1383 வந்தது. ஒன்றரைக்குள் இன்னும் அடங்குகிறது. உண்மையைச் சொன்னால், வீட்டில் பிரிட்ஜ் இல்லாத, பல்பும் விசிறியும் போனும் மட்டும் உள்ள சகோதரிகளுக்கு ஜெனரேற்றரே தேவையில்லை. பற்றரியும் இன்வேட்டரும் போதும். சத்தமும் இல்லை, புகையும் இல்லை, வரிசையும் இல்லை.

சத்தம் என்றதும் இன்னொன்றைச் சொல்லவேண்டும். இதைக் கடைகளில் எந்தத் தாளிலும் எழுதியிருக்கமாட்டார்கள். என் முதலாவது மெசின், பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு அடிப்பு மெசின். தூரத்தில் வைத்தால் ஒரு மெல்லிய, விடாத இரைச்சல். முதல்நாள் பின்னேரம் அதைக் காணியின் மூலையில் ஓடவிட்டபோது மாமி எழும்பி வெளியே வந்து, நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்தார். “பிள்ளை, வண்டு நிக்குது. பிள்ளையளை உள்ளை கூப்பிடு” என்றார். வன்னியில் இருந்தவர்களுக்கு வண்டு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. வண்டு சுற்றினால் பின்னால் ஷெல் வரும். ஒன்பது வருடம் கழித்து மாமிக்கு அந்தக் கைகால் நடுக்கம் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு, தொடங்கமுன்பு மாமியிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கயிற்றை இழுப்போம். இரண்டாவது மெசினை வாங்கியபோது கடையில் நாலைந்தை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். நாலு அடிப்பு மெசினின் சத்தம் உழவு மெசின் மாதிரிக் கனமாக இருந்தது. அதையே எடுத்தேன். இன்வேட்டர் ஜெனரேற்றர் என்று ஒரு வகை இன்னும் அமைதியானது, குறைந்த பாரத்தில் பெற்றோலையும் மிச்சம் பிடிக்கும். விலைதான் எங்களுக்கு எட்டாது. கடைக்காரர் என்னை ஒருமாதிரித்தான் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

கயிற்றையும் நீங்களே இழுத்துப் பாருங்கள். என் வலது தோளில் இன்னும் ஒரு சன்னத் துண்டு இருக்கிறது. ஒன்றரைக் கிலோவாற்றை இடது கையால், காலை மிண்டுகொடுத்து இழுக்க முடிகிறது. அஞ்சு கிலோவாற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன், அரைவாசியில் கை நின்றுவிட்டது. புயல் இரவில் மகன் வீட்டில் இல்லாவிட்டால் அந்த மெசின் எனக்கு ஒரு இரும்புக் குற்றிதான். கை, கால் பாதிக்கப்பட்ட சகோதரிகள் திறப்புப் போட்டுத் தொடங்கும் வகையைக் கேளுங்கள். அதன் பற்றரி இறங்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பாரத்தையும் தூக்கிப் பாருங்கள். அஞ்சு கிலோவாற் மெசின் எண்பது கிலோவரை வரும். வெள்ளம் வந்தால் அதை யார் மேட்டுக்குத் தூக்குவது? கடையில் நிற்கும் பிரிட்ஜ் ஒன்றைச் செருகிக் காட்டச் சொல்லவும் வெட்கப்படாதீர்கள். பல்ப் எரித்துக் காட்டுவது ஒரு பரீட்சையே அல்ல.

வைக்கும் இடம் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் இதை எழுதியே பிரயோசனம் இல்லை. ஜெனரேற்றரின் புகையில் காபனோரொட்சைட் என்ற வாயு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் அது நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும். மழை என்று விறாந்தையிலோ, குசினியிலோ, தாழ்வாரத்திலோ வைக்கவே கூடாது. கதவு, யன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு மறுபக்கம் பார்க்க வைக்கவேண்டும். நான் நாலு கம்பு நட்டு மேலே மட்டும் தகரம் போட்டிருக்கிறேன். பக்கம் நாலும் திறந்தபடி. மெசின் ஓடும்போது யாருக்காவது தலையிடி, தலைச்சுற்று, சத்தி வந்தால் சாப்பாட்டைச் சந்தேகப்படாமல் முதலில் எல்லோரையும் வெளியே காற்றுக்குக் கொண்டுவாருங்கள். உடனே வைத்தியசாலைக்கும் போகவேண்டும்.

சூடான மெசினுக்குப் பெற்றோல் ஊற்றக்கூடாது, நிறுத்தி ஆறவிட்டு ஊற்றவேண்டும். இருபது அடிக்கு இழுக்கும் வயர் மெல்லியதாக இருந்தால் அதுவே வோல்ற்றைக் குறைத்துப் பிரிட்ஜைக் கெடுக்கும். 2.5 வயர் கேட்டு வாங்குங்கள். இன்னொரு கெட்ட பழக்கம், இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேற்றரை வீட்டுப் பிளக் பொயின்ற்றில் செருகுவது. அந்த மின்சாரம் திரும்பிப் போய் வெளியே கம்பத்தில் ஏறும். கரண்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறும் மின்சார சபை ஊழியர் அதில் அடிபட்டுச் சாவார். அவருக்கும் ஒரு வீடு இருக்கும். வீட்டு வயரிங்கோடு இணைப்பதென்றால் தெரிந்த மின்னிணைப்பாளரைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டவேண்டும். இல்லையென்றால் என்னைப்போல நேரே வயர் இழுத்துப் பாவியுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை கால்மணித்தியாலம் ஓட்டி வையுங்கள். நான் போயா நாளில் ஓட்டுகிறேன், மறக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்று எங்கள் ஒழுங்கையில் உடனே எழும்பியது என் மெசின் மட்டும்தான். மற்றவை பழைய பெற்றோல் கட்டிப்பட்டுக் கிடந்தன.

டித்வா இரவில் பெட்டிக்குள் 90 முட்டை இருந்தது. மழை நாலு பக்கமும் அடித்தது. பற்றரி விடியும்வரை தாங்கியது. விடிய ஐந்து மணிக்கு மாமியிடம் சொல்லிவிட்டுப் போய் மெசினைத் தொடங்கினேன். பிரிட்ஜைப் போட்டேன். பல்ப் ஒருமுறை கண் சிமிட்டியது, அவ்வளவுதான். இந்தமுறை பொரித்தது 74.

நேற்று அயல்வீட்டுச் சகோதரி தன் மகளின் கொப்பியோடு வந்தாள். பிரிட்ஜின் தகட்டில் 0.8 அம்பியர் என்று இருந்ததாம். பிள்ளை 230ஆல் பெருக்கி 184 என்று எழுதியிருந்தாள். நாலு பல்ப் 36, விசிறி 60, தையல் மோட்டர் 100. மொத்தம் 380. பிரிட்ஜின் முதல் தள்ளுக்கு நாலு மடங்கு மேலதிகம் 736. கூட்ட 1116, கால்பங்கோடு 1395. “அக்கா, ஒண்டரை காணும் போலை” என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “அடுத்த வருசம் மிளகாய் அரைக்கிற மெசின் ஒண்டு போட நினைக்கிறன், அதையும் இதிலை சேர்க்கிறதோ?” என்று கேட்டாள். மிளகாயைக் கரண்ட் உள்ள நேரத்தில் அரைத்தால் என்ன என்று கேட்டேன். கொப்பியை மடித்துக்கொண்டு, கணக்கை இன்னொருமுறை பார்க்கிறேன் என்று போயிருக்கிறாள்.